கழற்றிக் காட்டிய டிஸ்க்

போன வருடம் என் கணினியின் ஹார்ட் டிஸ்க் செத்தது. அதோடு இரண்டு வருடப் பாடங்களும் செத்தன. உரும்பிராயில் வீட்டிலேயே உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்கு இரசாயனவியல் படிப்பிக்கிறேன். ஒவ்வொரு பாடத்தையும் வீடியோ எடுத்து வைப்பேன். வகுப்புக்கு வர முடியாத பிள்ளைகள் அதைப் பார்த்துத்தான் பரீட்சைக்குப் படிக்கிறார்கள். அதன்பிறகு எடுத்தவை கமராவின் மெமரி கார்டுகளில் கிடந்தன. அவையும் போனால் முதல் பாடத்திலிருந்து தொடங்க வேண்டும்.

அதற்காகத்தான் இரண்டு டிஸ்க் போடும் பெட்டி ஒன்று வாங்கப் போனேன். ரவுட்டரில் கொளுவிவிட்டால் வீட்டிலுள்ள எந்தப் போனிலும் பாடத்தைப் பார்க்கலாம். கடைக்காரர் பெட்டியைத் தராமல் என்னையே பார்த்தார்.

"அக்கா, உது உங்களுக்குச் சரிவராது. ஒரு பொடியனை அனுப்பிறன், வந்து பூட்டித் தருவான்."

"ஏன், எனக்குக் கை இல்லையோ?"

"அப்பிடியில்லை அக்கா. இரண்டு டிஸ்க்கையும் ஒண்டாச் சேர்த்தா இரட்டிப்பு இடம் வரும். அவன் அப்பிடிப் போட்டுத் தருவான்."

"ஒண்டு செத்தா?"

"அது லேசிலை சாகாது."

"முந்தினதையும் உப்பிடிச் சொல்லித்தான் வித்தவங்கள்."

பெட்டியை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து, டிஸ்க்குகளை உள்ளே போட்டு நானே பூட்டினேன். இரண்டு டிஸ்க்கிலும் ஒரே பாடங்களை எழுதும்படி வைத்தேன். பாதி இடம் போகும், போகட்டும். ஒன்று செத்தாலும் மற்றதில் பாடம் இருக்கும். மெமரி கார்டுகளிலிருந்து எல்லாவற்றையும் ஏற்றினேன். ஒரு டிஸ்க்கைப் பார்த்து மற்றதை நிரப்பி முடிக்க ஒரு நாள் ஆகும் என்று காட்டியது.

பின்னேரம் இடி இடித்தது. நான் கொடியில் கிடந்த உடுப்பை அள்ளிக்கொண்டு உள்ளே வந்தால், என் கணவர் வீட்டிலிருந்த அத்தனை பிளக்கையும் பிடுங்கிவிட்டு நிற்கிறார். இங்கே இடி என்றால் எல்லா வீட்டிலும் செய்வதுதான். என் பெட்டியும் செத்தமாதிரிக் கிடந்தது.

"இதை ஏனப்பா கழட்டினனீங்கள்?"

"இடியப்பா! எரிஞ்சு போகுமெல்லோ?"

"எழுதிக்கொண்டிருக்கேக்கை கழட்டினாலும் போகும்!"

"நீர் எனக்குச் சொல்லேல்லையே."

சொல்லவில்லைதான். அதற்காக என் கோபம் குறையவில்லை. மழை விட்டதும் பிளக்கைக் கொளுவினேன். லைட்டுகள் மினுங்கின. விட்ட இடத்திலிருந்து பெட்டி வேலையைத் தொடங்கியது. மறுநாள் மத்தியானம் முடித்தது.

அப்போதும் எனக்கு நம்பிக்கை வரவில்லை. இவருடைய போனில் ஒரு பாடத்தை ஓடவிட்டு, ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு டிஸ்க்கை இழுத்து எடுத்தேன்.

"உமக்கென்ன விசரோ?"

"நீங்கள் இரண்டையும் ஒரேயடியா நிப்பாட்டினனீங்கள். நான் ஒண்டைத்தானே."

பெட்டி கீச்சுக் கீச்சென்று கத்தியது. பாடம் நிற்கவில்லை. சமன்பாட்டைச் சமப்படுத்தத் தெரியாத பிள்ளைகளை நான் போனுக்குள் ஏசிக்கொண்டிருந்தேன்.

"உதுக்குள்ளையும் ஏச்சுத்தான்," என்றார் இவர். ஆனால் போனைக் கீழே வைக்கவில்லை.

நான் டிஸ்க்கைத் திரும்பப் போட்டுவிட்டு, கையிலே தேத்தண்ணியோடு அந்தப் பெட்டிக்கு முன்னால் இருந்தேன். அப்படி நிமிர்ந்து இருந்து கனகாலம்.

இரண்டு நாள் கழித்துக் கடைக்காரர் போன் எடுத்தார்.

"அக்கா, பொடியனை அனுப்பட்டோ?"

"அனுப்புங்கோ," என்றேன். "பழக்கி விடுறன்."