சீமாட்டியின் முன்னால் நிறுத்திய பிள்ளை

கற்பனை என்று நினைப்பவர்கள் இப்போதே பக்கத்தைப் புரட்டிவிடுங்கள். இது எனக்கு நடந்தது. நான் கைபிடித்திருந்த பிள்ளைக்கு நடந்தது.

2006 டிசம்பர், ஒரு சனிக்கிழமை. அக்கா குமுதாவின் மகள் ஜதுர்ஷிகா பெரியபிள்ளையானதற்குச் சாமத்தியச் சடங்கு. லண்டனில் ஹவுன்ஸ்லோவுக்கு வெளியே ஒரு பழைய மாளிகையை வாடகைக்கு எடுத்திருந்தோம். அலங்கரித்த பிள்ளையைக் கைபிடித்து மேடைக்கு அழைத்துச் செல்வது தாய்மாமனான என் பொறுப்பு.

வழியில் இருந்த நடைகூடத்தின் சுவரில் ஆளுயர ஓவியம் ஒன்று. ஐந்நூறு வருடங்களுக்கு முன் இத்தாலியில் ஒரு சிறு நாட்டை ஆண்ட பிரபுவின் மனைவி, ஒர்த்தென்சியா. கணவன் போரில் சிறைப்பட்டதும் ஆட்சியைத் தன் கையில் எடுத்தவளாம். கறுப்புப் பட்டு. முத்துமாலை. சிரிப்பறியாத வாய்.

"ராணிக்கு முன்னாலை எங்கடை ராணி! ஒரு படம் எடுங்கோ!" என்றார் அத்தான். ஓவியத்தின் முன் பிள்ளையை நிறுத்தினோம்.

"மாமா, இவ என்னையே பாக்கிறா."

"உன்ரை நகையைப் பாத்து எரிச்சல் போலை," என்றேன்.

மாலை 4.20. வெளியே இருட்டிவிட்டது. முன்னால் அவள் தங்கையும் மற்றச் சிறுமிகளும் ஏந்தி நின்ற விளக்குகளின் சுடர்கள் ஓவியத்தின் பக்கம் சாய்ந்தன. ஜன்னல்கள் எல்லாம் பூட்டியிருந்தன.

படக்... மின்சாரம் போனது. சுடர்களும் அணைந்தன.

சரக்... சரக்... கனத்த பட்டு தரையில் இழுபட்டது.

"மாமா, மற்றக் கையை விடச் சொல்லுங்கோ."

"ஆர் பிடிச்சிருக்கிறது?"

"தெரியேல்லை... சரியாக் குளிருது..."

பிள்ளை அந்தப் பக்கம் இழுபட்டாள். நான் இழுத்தேன். அங்கே பலம் கூடியது.

"மாமா, விட்டிடாதேங்கோ!"

என் காதருகே ஒரு மூச்சு... பெண் குரல். புரியாத மொழி. அது கெஞ்சவில்லை. கட்டளையிட்டது.

"விடமாட்டன்!"

வெளிச்சம் வந்தது.

ஜதுர்ஷிகாவின் இடது மணிக்கட்டில் நான்கு விரல்களின் நீலத் தடம். நான்தான் இறுக்கிப் பிடித்தேன் என்று அக்கா ஏசினாள்.

நான் பிடித்தது வலது கை.

மறுநாள், மாளிகையை நிர்வகிக்கும் டொலறஸ் அன்ரியிடம் அந்த ஓவியத்தைப் பற்றிக் கேட்டேன்.

"பிரபுக்கள் வீட்டிலை பிள்ளை பெரிசானால், சோடிச்சுக் கொண்டுவந்து அவவுக்கு முன்னாலை நிப்பாட்ட வேணுமாம். தாய்மாமன்தான் கையைப் பிடிச்சுக் குடுக்கிறது. 'படிப்பிச்சு விடுறன்' எண்டு சொல்லித்தான் எடுப்பாவாம். ஒரு பிள்ளையும் வீட்டை திரும்பேல்லை. பிள்ளை அவவிட்டை இருந்தால் தகப்பன் வாய் திறப்பானே? அப்பிடித்தான் பதினொரு வருஷம் ஆண்டவ."

"இதை ஏன் முதலே சொல்லேல்லை?"

"சொன்னால் ஆர் புக் பண்ணுவினம்?"

"குடுக்க மாட்டன் எண்டு ஒருத்தரும் சொல்லேல்லையோ?"

"ஒரு மாமன் சொன்னவன். அவ கோவிக்கேல்லையாம். அந்த வீட்டு அடுத்த பிள்ளை பெரிசாகும் மட்டும் பொறுத்திருந்தவவாம்."

மூன்று வருடங்கள் எதுவும் நடக்கவில்லை. போன வாரம் அக்காவின் போன்.

"தம்பி, எங்கடை சின்னவளும் பெரியபிள்ளையாகிட்டாள். ஹோல் தேடி அலையத் தேவையில்லை... அந்த மாளிகைதான் வேணுமெண்டு அவளே அடம்பிடிக்கிறாள்."