ஓர்ப்படி பால் காய்ச்சிய வீடுகள்

முதல் தடவை அதை வீடியோ காலில்தான் பார்த்தேன். வழவழவென்று கறுப்பாக ஓர் அடுப்பு, அதன்மேல் சின்னப் பாத்திரத்தில் பால். அடியில் நெருப்பே இல்லை. கோலாலம்பூரில் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு நின்ற என் ஓர்ப்படி, அதாவது கொழுந்தனின் மனைவி, "அத்த, பால் காச்சிட்டேன் பாருங்க" என்றாள். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாமியாருக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கு வயிறு எரிந்தது.

கொழுந்தனுக்குக் கம்ப்யூட்டர் வேலை. சில மாதம் ஓர் ஊர், அடுத்து வேறு நாடு என்று கம்பெனி அனுப்பிக்கொண்டே இருக்கும். போகிற இடத்தில் சர்வீஸ் அபார்ட்மெண்ட் பிடித்துக் கொடுப்பார்கள். கட்டில், மெத்தை, கரண்டி வரைக்கும் அங்கேயே இருக்கும். பெட்டியோடு போய் இறங்க வேண்டியதுதான். ஆள் வந்து தரை துடைத்து, விரிப்பு மாற்றிவிட்டுப் போவார்களாம். இங்கே கள்ளக்குறிச்சியில் வாடகை வீட்டுப் பாசியை நான் தேய்த்துக்கொண்டிருக்கிறேன், அங்கே அவளுக்கு மகாராணி வாழ்க்கை. என்ன நியாயம் இது?

புது வீட்டுக்குப் போனால் பால் காய்ச்சுவது எங்கள் வழக்கம். அவள் அதை விடவேயில்லை. ஊர் மாறினால் பால். அதே ஊரில் வேறு கட்டடத்துக்கு மாற்றினாலும் பால். அது கம்பெனி இடம், வேலை முடிந்தால் காலி செய்ய வேண்டும் என்று எத்தனை சொல்லியும் அத்தைக்கு ஏறவில்லை. பால் காய்ச்சியாச்சா, அப்போது அது சொந்த வீடு. எலவனாசூர்கோட்டைச் சொந்தக்காரர்களிடமெல்லாம், "சின்னவ போற ஊர்லல்லாம் வூடு வாங்கிக்கினு இருக்கா" என்று சொல்லிவிட்டார். அவர்கள் கல்யாண வீடுகளில் என்னை மடக்கி, "நீ இன்னாம்மா, எப்ப காச்சப் போற?" என்பார்கள்.

நான் எங்கே காய்ச்சுவது? வாழ்க்கைப்பட்டு வந்த வாடகை வீட்டில் அத்தை எப்போதோ காய்ச்சியாகிவிட்டது. என் வீட்டுக்காரர் வெள்ளிமலை பஸ் ஓட்டுகிறவர். மனை வாங்கி, சுவர் எழுப்பி, கூரை போடுவதற்குள் எங்களுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

போன தை மாதம்தான் கிரகப்பிரவேசம். லீவில் ஓர்ப்படியும் வந்திருந்தாள். செங்கல் அடுப்பைப் பற்றவைத்துப் பாத்திரத்தை எடுத்தேன்.

"சின்னவ காச்சட்டும்" என்றார் அத்தை. "அவ கைராசிக்காரி. எத்தினி வூட்டுக்குக் காச்சியிருக்கா!"

உச்சந்தலை வரை பற்றிக்கொண்டது எனக்கு.

"இது என் வூடு அத்த. நான்தான் காச்சுவேன்."

மாமியாரை எதிர்த்து நான் பேசியது அதுதான் முதல் முறை. ஓர்ப்படி நகர்ந்து நின்றாள். நான் பாலை ஊற்றினேன். பொங்கியது. பாத்திரத்தின் கழுத்தில் கட்டிய மஞ்சள் கொத்தை நனைத்து, அடுப்பில் இறங்கி, புதுத் தரையில் ஓடியது. எல்லாரும் குலவை போட்டுச் சிரித்தார்கள். ஓர்ப்படி மட்டும் தரையில் ஓடிய பாலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அங்கல்லாம் நான் பொங்கவே வுட்டதில்லக்கா" என்றாள். "மேல வர்றப்பவே ஆஃப் பண்ணிடுவேன். அடுப்புல கறை பட்டா கேப்பாங்க. நம்ம வூடா அது?"

அவள் கண்ணில் இருந்தது என்னவென்று எனக்குத் தெரியும். இத்தனை வருடமாக எனக்குள் எரிந்ததுதான் அது. ஐயோ பாவம் என்று தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை.

"போதும், அடுப்பத் தணிம்மா" என்றார் அத்தை.

நான் இன்னொரு விறகை உள்ளே தள்ளினேன்.