கதவில் வரைந்த வழக்கு

நாமக்கல் கோர்ட்டில் வக்கீலாக இருக்கிறேன். வழக்கு கைக்கு வந்ததும் முதலில் ஒரு படம் வரைவேன். தாளின் உச்சியில் கட்சிக்காரரின் வாதம், கீழே அதற்கான காரணங்கள், அதற்கும் கீழே சாட்சியங்கள். எது எதைத் தாங்குகிறது என்று கட்டங்களுக்கு நடுவே கோடு இழுப்பேன். இது வக்கீல்கள் மட்டும் செய்கிற வேலை என்றே நினைத்திருந்தேன்.

சென்ற மார்கழியில் அண்ணன் வந்தார். அவருக்குப் புதுச்சத்திரம் பக்கம் கோழிப்பண்ணை. முட்டை ஓடு மெலிந்து, அட்டையில் அடுக்கும்போதே உடைகிறதாம். தீவனம்தான் காரணம், விற்றவருக்கு நோட்டீஸ் அனுப்பு என்றார். அவர் சொல்லச் சொல்ல வரைந்தேன். நோய் இல்லை, வெயில் இல்லை, தண்ணீரில் குறையில்லை, ஆகவே தீவனம். படம் கச்சிதமாக நின்றது. இருந்தாலும் நேரில் பார்த்துவிடலாம் என்று மறுநாள் பண்ணைக்குப் போனேன்.

அங்கே கால்நடை மருத்துவர் வந்திருந்தார். என் வயதுப் பெண். கோழிகளைப் பார்த்து முடித்ததும், தீவன அறைக் கதவில் சாக்பீஸால் எழுதத் தொடங்கினார். உச்சியில் ‘ஓடு மெலிவு’. கீழே நோய், வெயில், தீவனம், தண்ணீர் என நான்கு கட்டங்கள். ஒவ்வொன்றின் கீழும் ஆதாரம். பையிலிருந்த தாளை எடுத்து விரித்தேன். அதே படம்.

ஒரே ஒரு வித்தியாசம். அவர் தண்ணீருக்குக் கீழே கேள்விக்குறி போட்டிருந்தார்.

“தண்ணி நல்லா இருக்குதுன்னு எதை வெச்சுங்க சொல்றீங்க?” என்று அண்ணனிடம் கேட்டார்.

“போன வருசம் டெஸ்ட் எடுத்தமுங்க, டாக்டரம்மா.”

“அதுக்கப்புறம் போர் ஆழப்படுத்துனீங்களா?”

அண்ணன் ஆழ்துளைக் கிணற்றின் பக்கம் திரும்பிப் பார்த்தார். இரண்டு மாதம் முன்புதான் துளையிடும் ரிக் வண்டி வந்து போயிருந்தது; பழைய டெஸ்ட் இப்போதைய தண்ணீருக்குச் செல்லாது. என் படத்தின் முழுப் பாரமும் தண்ணீர் என்ற அந்த ஒரு கட்டத்தின் மேல் இருந்தது. அதன் கீழே ஒன்றுமே இல்லை என்பதை நான் கவனிக்கவில்லை.

இப்படி வரைய யார் கற்றுக்கொடுத்தார்கள் என்று மருத்துவரிடம் கேட்டேன்.

“யாரும் இல்லீங்க. ஆளுக்கொரு காரணம் சொல்றாங்க. காதுல கேக்கறப்ப எல்லாமே சரியாத்தான் தோணுது. எழுதிப் பாத்தாத்தான் எது அந்தரத்துல நிக்குதுன்னு தெரியுது.”

பிறகு என் தாளை வாங்கி வெகுநேரம் பார்த்தார். கோர்ட்டிலும் இப்படித்தானா என்று மெல்லக் கேட்டார். அவர் முகத்திலும் என் வியப்பே இருந்தது.

பரிசோதனையில் தண்ணீரில் உப்பு மிகுதி என்று வந்தது. அண்ணன் வேறு கிணற்றிலிருந்து குழாய் இழுத்தார். சில வாரங்களில் ஓடு கெட்டிப்பட்டது. நோட்டீஸ் அனுப்பவில்லை.