மூன்று மணிக்குள் ஒரு வெள்ளைச் சட்டை

காலை பத்து இருபதுக்குத் தொலைபேசி அடித்தபோது சிவலட்சுமி ஒரு வெள்ளைச் சட்டையின் பொக்கற்றை வெளியே புரட்டிப்போட்டுத் திட்டிக்கொண்டிருந்தார். உள்ளே பஞ்சு, பிளாஸ்டர்த் துண்டு, மூடியில்லாத நீலப் பேனை. பேனை கக்கிய மை முன்பக்கத்துக்கும் ஊறி, ஐந்து ரூபாய்க் குற்றியளவு பரந்திருந்தது.

“ஒரு பேனையை மூடத் தெரியாது. இதுகள் எப்பிடித்தான் ஊசி போடுதுகளோ.”

அழைத்தது மேனுகா. ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துத் தாதியர் விடுதியில் இருப்பவள்.

“லட்சுமியக்கா, நிதர்சனா செத்துப்போனா. ராத்திரி டியூட்டி முடிஞ்சு வரேக்க றோட்டில படுத்திருந்த மாட்டில ஸ்கூட்டி அடிபட்டிட்டுது.”

“விசர்க் கதை கதையாத. அவளின்ர சட்டை இப்ப என்ர கையில கிடக்குது.”

மறுமுனையில் மேனுகா அழுதாள். போட்டிருந்த சட்டை கிழிந்துவிட்டதாம். மகளைச் சீருடையோடுதான் பெட்டியில் வைக்க வேண்டும் என்று தாய் புனிதமலர் ஒரே பிடியாக நிற்கிறாராம். மிஞ்சியிருக்கும் மற்றச் சட்டை இது ஒன்றுதான். மூன்று மணிக்கு நிதர்சனாவின் மாமா மோட்டார் சைக்கிளில் வந்து எடுத்துக்கொண்டு முல்லைத்தீவில் அவளுடைய வீட்டுக்குப் போவார்.

சிவலட்சுமிக்கு ஐம்பத்தாறு வயது. விசுவமடுவில் ஒன்பது வருடமாக ஆறு தாதியருக்கு உடுப்புத் தோய்த்துக் கொடுக்கிறார். புதிதாக வரும் ஒவ்வொருத்திக்கும் முதல் நாளே ஒரு பிரசங்கம் உண்டு. இரத்தம் பட்டால் பச்சைத் தண்ணீரும் உப்பும். “சுடுதண்ணியில போட்டு ரத்தத்தை அவிச்சுக்கொண்டு வராதேங்கோ.” மை பட்டால் புளித்த மோரில் ஓர் இரவு. குளோரின் மட்டும் கூடவே கூடாது. இங்கத்தைக் கிணற்றுத் தண்ணீரில் இரும்பு; குளோரின் பட்டால் வெள்ளைத் துணி தேநீர் நிறத்துக்கு மாறிவிடும். மணலும் கரியும் அடுக்கிய பீப்பாவில் வடித்த தண்ணீரில்தான் அவர் கடைசி அலசல் அலசுவார். பிறகு ஒரு சொட்டு நீலம், உப்புப் போட்ட கஞ்சி.

நிதர்சனா மட்டுமே எதிர்த்துக் கதைப்பவள். “அக்கா, நோயாளி என்ர சட்டையையா பாக்கிறான்?”

“வேற எதைப் பாக்கிறது? படுத்துக்கிடக்கிறவனுக்கு உன்ர பொக்கற்றுத்தானே கண்ணுக்கு நேர.”

மோருக்கு இன்று ஓர் இரவு இல்லை. வெளியே கார்த்திகை மழை. சிவலட்சுமி, வெள்ளத்துக்குப் பிறகு கிணற்றுக்குப் போடவென்று சுகாதாரப் பகுதியினர் கொடுத்த குளோரின் தூள் பையை எடுத்து, பீப்பாவில் தண்ணீர் வடியும்வரை காத்திராமல், அப்போதுதான் அள்ளிய கிணற்றுத் தண்ணீரில் இரண்டு கரண்டி கரைத்து, சட்டையை அமுக்கினார்.

மை போயிற்று. சட்டை முழுவதும் பழுத்த பாக்கு நிறமாயிற்று.

அவருடைய கணவர் ஐயாத்துரை, வரம்பை வெட்டி வயலில் நின்ற வெள்ளத்தை வடியவிட்டு மண்வெட்டியோடு வந்தவர், எட்டிப் பார்த்தார். “நீதானே மிஸிமாருக்கெல்லாம் வகுப்பெடுக்கிறனி, குளோரின் போடாதேங்கோ எண்டு.”

“வாயைப் பொத்திக்கொண்டு பத்துத் தேசிக்காய் பிடுங்கிக்கொண்டு வாங்கோ.”

“மழைக்குள்ளயோ?”

“இவ்வளவு நேரம் என்ன வெயிலுக்குள்ளயோ நிண்டனீங்கள்?”

அவர் போனார். சிவலட்சுமி கூரைத் தாழ்வாரத்தின் கீழ் அண்டா, வாளி, சோற்றுப்பானை என்று அகப்பட்டதையெல்லாம் அடுக்கி மழைத்தண்ணீர் பிடித்தார். தேசிக்காய்ப் புளியும் உப்பும் தேய்த்து, கொதிக்கும் கேத்திலின் ஆவியில் சாண் சாணாகப் பிடித்தார். முதலில் தோள் வெளுத்தது, பிறகு கை. முதுகு வெளுக்க மறுத்தது. “உயிரோட இருக்கேக்கயும் ஒரு சொல்லுக் கேட்டதில்லை,” என்று சட்டையைப் பார்த்துச் சொன்னார். “மாட்டைக் கண்டால் பிறேக் பிடிக்கத் தெரியாதோ, மூதேவி.” ஐயாத்துரை அடுத்த தேசிக்காயை வெட்டிக் கொடுத்தார்.

ஒன்றரைக்கு முதுகும் ஓரளவு வெளுத்தது. கிட்ட வைத்துப் பார்த்தால் ஒரு மங்கல் தெரியும். பெட்டியில் முதுகு கீழே கிடக்கும் என்று ஐயாத்துரை சொல்லப்போய், மனைவியின் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். கஞ்சி போட்டு, மின்விசிறிக்குக் கீழே இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து உலர்த்தினார்கள். ஈரம் போகாத மடிப்புகளை ஸ்திரிக்கைப் பெட்டியால் சிவலட்சுமி உலர்த்தினார். கழுத்துப் பட்டி நிமிர்ந்து நின்றது.

மூன்றுக்குப் பத்து நிமிடம் இருக்கப் படலையில் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. மாமா மழைக்கோட்டோடு, இறங்காமலே காத்திருந்தார்.

ஆறு பேரின் சட்டைகளும் மாறிப்போகாமலிருக்கச் சிவலட்சுமி கழுத்துப் பட்டியின் உள்ளே ஆளுக்கொரு நிறத்தில் நூல் முடிச்சுப் போட்டுவைப்பார். யாராவது இடமாற்றம் பெற்றுப் போகும்போது கடைசி முறை தோய்த்த சட்டையிலிருந்து அந்த முடிச்சை வெட்டிவிட்டுத்தான் கொடுப்பார். நிதர்சனாவுக்குச் சிவப்பு. கத்தரிக்கோலை எடுத்தார். பட்டியைப் புரட்டினார். மாமா ஒரு தரம் ஹோர்ன் அடித்தார். சிவலட்சுமி பட்டியை மறுபடி நிமிர்த்தி, சட்டையைப் பொலித்தீன் பையில் வைத்து, மழைக்குள் கொண்டுபோய்க் கொடுத்தார்.

முடிச்சை வெட்டவில்லை.