பக்கத்து வீட்டுச் சத்தம்

கவுன்டர்காரர் என்றால்தான் அந்தக் குடியிருப்பில் அவரைத் தெரியும். ரயில் நிலையத்தில் டிக்கெட் கொடுத்து ஓய்வு பெற்றவர். வாழ்நாளெல்லாம் கண்ணாடி ஓட்டை வழியாகவே மனிதர்களிடம் பேசிய ஆள். எந்த ஊர், எத்தனை பேர் என்பதற்கு மேல் பேச்சை வளர்க்கத் தெரியாது. மனைவி இருந்தவரை இருவருக்கும் சேர்த்து அவளே பேசினாள். அவள் போன பிறகு அவருக்கு வாயைத் திறக்கும் வேலையே இல்லை.

அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டுக்காரர், உரிமம் கிரிமம் எதுவும் இல்லாமல், வீட்டைச் சுற்றுலா வருகிறவர்களுக்கு நாள் வாடகைக்கு விட்டார். பெட்டியை உருட்டிக்கொண்டு நாளுக்கொரு முகம் வந்தது. மாடிப்படியில் குப்பை மூட்டை, உள்ளே அலறும் பாட்டு. குடியிருப்பே கொதித்தது. புகார் கொடுக்கச் சாட்சி வேண்டுமே? நடுவில் ஒரே சுவர் என்பதால் கவுன்டர்காரர்தான் சாட்சி. செயலாளர், பல் டாக்டர், மேல்மாடி டீச்சர் எல்லோரும் சாயங்காலமானால் அவர் வீட்டில் கூடினார்கள். அவர் புதிதாக நாற்காலி வாங்கிப் போட்டார், டீ போட்டார். “அண்ணே, நேத்து என்ன கூத்து?” என்று டீச்சர் கேட்டால் போதும், மனிதருக்கு வாயெல்லாம் பல்.

புகாருக்குப் பயந்து வீட்டுக்காரர் சத்தமில்லாமல் வாடகைக்கு விடுவதை நிறுத்திவிட்டார். பக்கத்தில் ஈ காக்கை இல்லை என்பது கவுன்டர்காரருக்கு மட்டும்தான் தெரியும். சொன்னால் நாளையிலிருந்து யாரும் வரமாட்டார்கள். அன்றைக்கும் டீச்சர் கேட்டார்.

“விடிய விடிய ஆட்டம்மா,” என்றார்.

பொய் இவ்வளவு சுலபமாக வரும் என்று அவருக்கே தெரியாது. மறுநாள் ஒரு குழந்தையை அழவிட்டார். அதற்கடுத்து ஒரு புருஷன் பெண்டாட்டிச் சண்டை. பெட்டி உருட்டும் சத்தமே காணோமே என்று டாக்டர் இழுத்தபோது, “உஷாராயிட்டாங்க சார், தூக்கிட்டு வராங்க,” என்று சமாளித்தார். கெட்டிக்காரர்தான், என்ன பிரயோசனம்!

ஒரு மாதத்துக்கு மேல் இப்படியே ஓடியது. செயலாளர் சும்மா இருப்பாரா? கையும் களவுமாகப் பிடிக்க நகராட்சி அதிகாரியையே கூட்டி வந்துவிட்டார். வீட்டுக்காரரும் வந்து கதவைத் திறந்தார். கட்டில்மேல் துணி போர்த்தியிருந்தது, தரையெல்லாம் தூசி. சுவிட்சைத் தட்டினால் விளக்கு எரியவில்லை. மின்சாரத்தைத் துண்டித்து ஒரு மாதம் ஆகிறதாம்.

“நேத்து பாட்டுச் சத்தம்னு சொன்னீங்களாமே?” என்றார் அதிகாரி.

கவுன்டர்காரர் மெல்ல வாசல் பக்கம் பின்வாங்கினார்.

“நம்ம எல்லாரையும் முட்டாளாக்கிட்டாரு,” என்று செயலாளர் விடுவிடுவென இறங்கிப் போனார். டாக்டரும் தலையை ஆட்டியபடி பின்னாலேயே போய்விட்டார். டீச்சர் மட்டும் படியில் நின்றார்.

“ஏண்ணே இப்படிச் சொன்னீங்க?”

“சொல்லலைன்னா நீங்கள்லாம் வரமாட்டீங்களேம்மா.”

“ஒரு வார்த்தை கூப்பிட்டிருந்தா வந்திருப்போமேண்ணே,” என்று சொல்லிவிட்டு டீச்சர் மேலே ஏறிப் போனார்.

அவர் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தார். ஒரு புகாரும் இல்லாமல் மனிதர்களை வீட்டுக்குக் கூப்பிடலாம் என்பது அவருக்கு இத்தனை நாளும் தோன்றவே இல்லை. இப்போது தோன்றியது. இனி எந்த முகத்தோடு போய்க் கூப்பிடுவது?