அட்டை இருக்கிறது, பெட்டி இல்லை

யோகேஸ்வரனோடு எதைப் பற்றியும் கதைக்கலாம். ஒன்றில் மட்டும் வாய் கொடுக்கக் கூடாது. காணாமல் போன பொருளைப் பற்றி அவர் முன்னால் "அது இல்லை" என்று சொல்லக் கூடாது. சொன்னீர்களோ, அன்றைய பொழுது போச்சு.

மனிதருக்கு அறுபத்து மூன்று வயது. இடது கையில் இரண்டு விரல் கிடையாது, இலங்கையில் சண்டைக் காலத்துச் செல்லடியில் போனது. மெல்பேணின் கிழக்கு ஓரத்தில், ரோவிலில் வீடு. பெரிய களஞ்சியம் ஒன்றில் இருப்புச் சரிபார்க்கிற வேலை. ஒரு பெட்டி சவர்க்காரம் கணினிக் கணக்கில் இருக்க, இறாக்கைத் தட்டில் இல்லையென்றால், மற்றவர்கள் ஒரு தட்டுத் தட்டி அதை அழித்துவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போவார்கள். இவர் ஏணியைத் தள்ளிக்கொண்டு புறப்படுவார். ஒரு தரமல்ல, மூன்று தரம் தேடுவார். "தேடாமல் இல்லையெண்டு எழுதுறவன் கள்ளன்" என்பார். முதுகுக்குப் பின்னால் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும், அவர் அதைப் பொருட்படுத்தியதில்லை.

இந்தப் பிடிவாதம் சும்மா வந்ததல்ல. கடைசிச் சண்டையில், கடற்கரை மணலில் சனத்தோடு சனமாக ஓடும்போது, ஒரே மகன் அனோஜன் கை நழுவிப் போனான். பத்தொன்பது வயது. பிறகு முகாமில் முன்பின் தெரியாத ஒரு பெண் வந்து, "உங்கட மகன் ஆமிக்காரன்ர பஸ்ஸில ஏறினதைக் கண்டனான்" என்று சொன்னாள். அவ்வளவுதான். அந்த ஒரு வசனத்தைப் பிடித்துக்கொண்டு பதினேழு வருடம் உயிரோடு இருந்தார் மனிதர். அவர் கடிதம் போடாத அலுவலகம் இல்லை, படம் அனுப்பாத ஆள் இல்லை.

மனைவி சந்திரகலா ஆரம்பத்தில் கூடவே தேடினாள். பிறகு ஒரு கட்டத்தில் நிறுத்திவிட்டாள். ஏன் என்று அவர் கேட்கவில்லை. பெண்களுக்கு மனம் களைத்துவிடும் என்று தானாகவே ஒரு காரணம் கண்டுபிடித்து வைத்துக்கொண்டார். ஆம்பிளைகளுக்கு இந்த வேலை நன்றாக வரும்.

வருடத்தில் ஒருநாள், குளிர் தொடங்குகிற நேரத்தில், அவள் வேலைக்கு லீவு போட்டுவிட்டுச் சமைப்பாள். கத்தரிக்காய்ப் பொரித்த குழம்பு, மாங்காய்க் கறி, வடை, பாயசம். ஒரு வாழையிலைத் துண்டில் எல்லாவற்றிலும் கொஞ்சம் வைத்துப் பின் வேலிக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைப்பாள். கேட்டால் "பிதிர்களுக்கு" என்பாள். "இஞ்சத்தைக் காகத்துக்குக் கத்தரிக்காய் பிடிக்குமோ?" என்று அவர் பகிடி விடுவார். அவள் சிரிப்பதில்லை. அதையும் அவர் பெரிதாக எடுத்ததில்லை.

எதிர்வீட்டு றொஸ் ஓய்வுபெற்ற வெள்ளைக்காரர், மனைவி செத்துத் தனியாக இருப்பவர். அவருடைய கராஜில் கார் நின்றதே இல்லை. உள்ளே இடுப்புயர மேசைகள். அவற்றின்மேல் நீராவி எஞ்சின் காலத்து விக்டோரியா மாநிலம், ரயிலும் பாதையுமாக, விரலுயரத்தில் ஓடிக்கொண்டிருந்தது. கோதுமைக் குதிர், ஆட்டுப் பட்டி, நிலக்கரி மேடை, இருநூற்றுப் பதினான்கு சரக்குப் பெட்டிகள். ஆடு ஏற்ற இரண்டு தட்டுப் பெட்டி, ஐஸ் போட்டு இறைச்சி கொண்டுபோக வெள்ளைப் பெட்டி, கோதுமைக்குத் தார்ப்பாய் மூடிய திறந்த பெட்டி என்று ஒவ்வொன்றும் ஒரு விதம். ஏழு வருடத்துக்கு முன் முதல்தரம் பார்த்துவிட்டு வந்து, "வளர்ந்த ஆம்பிளையள் மூண்டு பேர் விளையாட்டுச் சாமானோட நிக்கிறாங்கள், வெக்கங்கெட்டவங்கள்" என்று சந்திரகலாவிடம் சொன்னார். இரண்டாம் தரம் போனபோது அட்டைகளைக் கண்டார். அதோடு ஆள் சரி, அங்கேயே ஒட்டிக்கொண்டார்.

றொஸின் ரயில் சும்மா வட்டம் சுற்றுவதில்லை, வேலை செய்யும். ஒவ்வொரு பெட்டிக்கும் இலக்கம் எழுதிய ஒரு அட்டை உண்டு. அட்டையில் ஒரு சின்னப் பை, பைக்குள் ஒரு துண்டு. அந்தப் பெட்டி எங்கே போக வேண்டும், எதை ஏற்ற வேண்டும் என்று அதில் எழுதியிருக்கும். இந்த மாதம் வெறுமையாகக் குதிருக்குப் போகிற பெட்டி, துண்டைத் திருப்பி வைத்தால் அடுத்த மாதம் கோதுமையோடு துறைமுகத்துக்கு வரும். எஞ்சினை ஓட்டுகிறவர் கையில் அட்டைக் கட்டோடு நிலையத்துக்கு நிலையம் நிற்பார். எதைக் கழற்றுவது, எதைக் கொழுவுவது என்று அட்டை சொல்லும். கழற்றிய பெட்டியின் அட்டையை அந்தப் பாதையின் கீழே அடித்திருக்கும் தட்டில் போட வேண்டும். பின்னேரம் ஆட்டம் முடியும்போது அட்டையும் பெட்டியும் ஒன்றுக்கொன்று சரியாக நிற்க வேண்டும்.

"இருநூற்றிப் பதினாலும் எங்க எங்க நிக்குதெண்டு தெரியுமப்பா!" என்று வீட்டுக்கு வந்து சொன்னார். மனிதருக்கும் இப்படி ஒரு அட்டை இருந்திருந்தால் என்று நினைத்தார். அதை வாய்விட்டுச் சொல்லவில்லை.

மாதத்தின் முதல் சனிக்கிழமை ஆட்டத்துக்கு அவர் தவறியதில்லை. ஒரு வருடத்துக்குள் அட்டைக்குப் பொறுப்பானவர் அவர்தான் என்று ஆகிவிட்டது. மூன்று வருடத்துக்கு முன் றொஸ் அவரிடம் ஒரு சரக்குப் பெட்டியைப் பாகம் பாகமாகக் கொடுத்து, "நீயே செய்" என்றார். எட்டு விரலோடு அதைச் செய்ய யோகேஸ்வரனுக்குப் பதினொரு மாதம் பிடித்தது. அரிசியளவு கொழுக்கி ஒன்று தெறித்துப் போனால் குசினித் தரையில் கிடந்து தேடுவார். பலகைக்கு இரும்புக் கறள் நிறம் பூசி, கைலேஞ்சித் துணியில் தார்ப்பாய் வெட்டி, ஊசி முனையால் இலக்கம் எழுதினார். 11382. அந்த மூன்று கொஞ்சம் சரிந்துவிட்டது. பெட்டி முதல்தரம் குதிருக்குப் போய்ச் சேர்ந்தபோது மற்ற மூவரும் கைதட்டினார்கள். மனிதர் வெட்கத்தில் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு நின்றார்.

இந்த வருடம் பெப்ரவரி ஆட்டத்தில் 11382-இன் அட்டை குதிர்ப் பாதைத் தட்டில் இருந்தது. பெட்டி இல்லை.

தேடினார். சுரங்கத்துக்குள் டோர்ச் அடித்துப் பார்த்தார். மேசைகளுக்குக் கீழே முழங்காலில் ஊர்ந்தார். மார்ச்சிலும் ஊர்ந்தார், ஏப்ரலிலும் ஊர்ந்தார். மூன்று ஆட்டம் தேடியும் கிடைக்காவிட்டால் அட்டையைக் கிழித்துவிடுவது அந்தக் கராஜின் விதி. "விட்டுவிடு, யோகேஸ்" என்று றொஸ் இரண்டு மூன்று தரம் சொன்னார். அப்படிச் சொல்லும்போது யோகேஸ்வரனின் முகத்தைப் பார்க்காமல் வேறெங்கோ பார்த்தார். நம்மாளுக்கு அதைக் கவனிக்க எங்கே நேரம், தலை மேசைக்குக் கீழே இருந்தது.

மே மாதச் சனிக்கிழமை காலை வீட்டில் சண்டையோடு விடிந்தது. யூலையில் சந்திரகலாவுக்கு இதய ஒப்பரேசன். அதற்கு முன் மகனுக்குக் கிரியை செய்துவிட வேண்டும் என்று நாலைந்து மாதமாகக் கெஞ்சிக்கொண்டிருந்தாள். தகப்பன் இருக்கும்போது தகப்பன்தான் உட்கார வேண்டும் என்று கோயில் ஐயர் சொல்லிவிட்டார்.

"நான் கத்திக்குப் போறன். எழும்பி வருவனோ தெரியாது. இந்த ஒண்டை மட்டும் செய்து தாங்கோ" என்றாள்.

"உயிரோட இருக்கிற பிள்ளைக்கு எள்ளும் தண்ணியும் இறைக்கச் சொல்லுறீர். நீர் ஒரு தாயோ?"

அப்படியே கேட்டுவிட்டார். எந்த வாயில்தான் அப்படி ஒரு வார்த்தை வரும்? அவள் அடுப்பை நிறுத்திவிட்டுக் கதிரையில் இருந்தாள். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு வீதியைக் கடந்தார். ஆட்டத்துக்கு வரும் மற்ற இருவரும் வருவதற்குள் இன்னொருதரம் தேடலாம் என்பது அவர் எண்ணம்.

டோர்ச் எரியவில்லை. றொஸ் வீட்டுக்குள் கேத்தலை வைத்துக்கொண்டிருந்தார். பற்றரி எடுக்கலாம் என்று வேலை மேசையின் கீழ் லாச்சியை இழுத்தார் யோகேஸ்வரன். உள்ளே ஒரு தட்டையான புகையிலைத் தகரம் இருந்தது. திறந்தார்.

நசுங்கிய இரண்டு சில்லு. கைலேஞ்சித் துணித் தார்ப்பாய். பிளந்த பக்கப் பலகை ஒன்றில், சரிந்த மூன்றோடு, 113. தகரத்துக்குப் பக்கத்தில் பாதி செய்த புதுப் பெட்டி ஒன்று நின்றது. அதில் 11382 என்று எழுதியிருந்தது, எழுத்தெல்லாம் நேராக, அழகாக.

றொஸ் இரண்டு கோப்பையோடு வந்து வாசலில் நின்றுவிட்டார். பிறகு ஆங்கிலத்தில் எல்லாவற்றையும் சொன்னார். ஜனவரி ஆட்டம் முடிந்த மறுநாள் கராஜைத் தூசு தட்டும்போது சட்டைக் கை பட்டுப் பெட்டி சீமெந்துத் தரையில் விழுந்திருக்கிறது. திரும்பிய வேகத்தில் அவரே அதன்மேல் மிதித்துவிட்டார். பதினொரு மாத வேலை என்று தெரியும், சொல்ல மனம் வரவில்லை. அதைப் போலவே இன்னொன்று செய்து சத்தமில்லாமல் வைத்துவிட நினைத்தார்.

"நீ தேடும்போது உன் முகத்தில் ஒரு நம்பிக்கை இருந்தது. அதை எப்படி உடைப்பேன்?" என்று கேட்டார்.

"நான் முழங்காலில் ஊர்ந்ததைப் பார்த்துக்கொண்டு நின்றாய்" என்றார் யோகேஸ்வரன். அவருடைய ஆங்கிலம் அதற்குமேல் ஓடவில்லை. தகரத்தை எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தார்.

வீட்டுக் கதவைத் திறக்கும்போதே தொடங்கிவிட்டார். சந்திரகலா அதே கதிரையில் இருந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"பாத்தீரோ அந்தாளின்ர வேலையை! உடைச்சுப்போட்டு லாச்சிக்குள்ள ஒளிச்சு வைச்சிருக்கிறான். மூண்டு மாசம்! நான் நாய் மாதிரி மேசைக்குக் கீழ தவழுறன், அவன் தேத்தண்ணி குடிச்சுக்கொண்டு பாத்துக்கொண்டு நிக்கிறான். தெரிஞ்சவன் சொல்லவேணும். அது மனிசத்தனம். தெரிஞ்சுகொண்டு தேட விடுறவன் மனிசனே இல்லை!"

வெங்காயத் தோல் மேசையிலிருந்து விழுந்தது. அவள் குனிந்து எடுக்கவில்லை.

"சொல்லியிருந்தால் தாங்கியிருப்பியளோ?" என்றாள்.

"ஏன் தாங்கமாட்டன்? ஒரு பெட்டிதானே!"

"நான் பெட்டியைச் சொல்லேல்லை."

யோகேஸ்வரன் அவள் முகத்தைப் பார்த்தார். பதினேழு வருடத்தில் அன்றைக்குத்தான் ஒழுங்காகப் பார்த்தார் என்று சொல்ல வேண்டும். அந்த முகத்தில் புதிதாக ஒன்றும் இல்லை. எப்போதும் இருந்ததுதான் இருந்தது, அவர்தான் பார்க்கவில்லை. கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டார்.

"ஆர் சொன்னது?"

"சுஜீதன். பிள்ளையோட படிச்சவன். முந்தி கிளேட்டனில இருந்தவன், இப்ப சிட்னியில, பென்டில் ஹில்லில. கோயிலில என்னைக் கண்டிட்டு ஓடி வந்து காலில விழுந்து அழுதவன்." குரல் நடுங்காமல் சொன்னாள். பல தரம் தனக்குள்ளே சொல்லிப் பார்த்திருக்க வேண்டும். "பிள்ளை பஸ்ஸில ஏறேல்லையப்பா. அதுக்கு முதலே முடிஞ்சுது. பங்கருக்கு மேல செல் விழுந்தது. சுஜீதன்தான் கையால மண் அள்ளி மூடினவன். அந்தப் பொம்பிளை வேற ஆரையோ கண்டிருக்கிறா."

"எப்ப சொன்னவன்?"

"பன்னிரண்டு வருசமாச்சு."

அவர் வாயில் றொஸுக்குச் சொன்ன அதே வார்த்தைகள் வந்து நின்றன. கத்த வேண்டும் போல இருந்தது. மேசையைப் புரட்ட வேண்டும் போல இருந்தது. பன்னிரண்டு வருடம் அவர் கடிதம் எழுதும்போது முத்திரை ஒட்டிக் கொடுத்தது இந்தக் கைதான்.

"அந்த வருசம் மனவருத்தத்தில உங்களை மூண்டு கிழமை ஆஸ்பத்திரியில வைச்சிருந்தவை. மறந்துபோச்சோ?" என்றாள் சந்திரகலா. "அவன் வருவானெண்டுதான் டொக்டர் தந்த மருந்தை எடுத்தனீங்கள். அவனும் போய், நீங்களும் போனால் நான் என்ன செய்யிறது? அதுதான் சொல்லேல்லை. இப்ப நானும் போனால் அவனுக்குச் செய்ய ஒருத்தருமில்லை. நான் தாய்தான். தாய் எண்டபடியால்தான்."

காலையில் அவர் கேட்டதற்குப் பதில் அது. யோகேஸ்வரன் அழுதார். சத்தம் போட்டு, மூக்கு வடிய, சின்னப் பிள்ளை அழுகிற அழுகை. அவள் எழுந்து வந்து அவர் தோளில் கை வைத்தாள். அவர் தட்டிவிட்டார். பிறகு அந்தக் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டார்.

மத்தியானம் ஆனது. எதிர்வீட்டில் மற்ற இருவருடைய கார்களும் வந்து, கொஞ்ச நேரத்தில் திரும்பிப் போயின. இவர்கள் இருவரும் சாப்பிடவில்லை. யோகேஸ்வரன் முகம் கழுவிக்கொண்டு வந்து, சட்டைப் பையிலிருந்த தகரத்தை மேசையில் வைத்தார், போனை எடுத்தார், கோயில் ஐயரைக் கூப்பிட்டார்.

"மகனுக்குக் கிரியை செய்யவேணும், ஐயா."

ஐயர் பெயர் கேட்டார், சொன்னார். நட்சத்திரம் கேட்டார், சொன்னார். திதி கேட்டார்.

யோகேஸ்வரனுக்குத் தெரியாது. பெற்ற தகப்பனுக்குத் தெரியாது. போனை மனைவியிடம் நீட்டினார். அவள் கலண்டரைப் பார்க்கவில்லை, யோசிக்கவும் இல்லை.

"வைகாசி, அபரபக்கச் சத்தமி" என்றாள்.

வைகாசி. இந்த ஊரில் குளிர் தொடங்குகிற நேரம். அவர் கண் தானாக, அவள் வாழையிலை வைக்கிற பின் வேலிப் பக்கம் போனது.

பன்னிரண்டு தரம் அந்தச் சாப்பாட்டை அவர் சாப்பிட்டிருக்கிறார். போன வருடம் பாயசத்தை இரண்டாம் தரம் வாங்கிக் குடித்துவிட்டு, கத்தரிக்காய்க் குழம்பை வழித்து நக்கிக்கொண்டு, "அனோஜன் வரேக்கையும் இதே மாதிரிச் செய்யும்" என்று சொன்னார். அவள் "ஓம்" என்று சொல்லிவிட்டு, கோப்பையை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போனாள்.