அண்ணாச்சி படித்த கடிதங்கள்

என் மனைவி எனக்கு எழுதிய கடிதங்களை ஒரு குடும்பமே படித்திருக்கிறது. நான் ஒருவன்தான் ஒழுங்காகப் படித்ததில்லை. ஐம்பது வயதுக்கு மேல் இதைச் சொல்ல வெட்கப்பட்டு என்ன ஆகப்போகிறது? இன்று காலைப் பத்திரிகையில் ஒரு விளம்பரம்: ‘தனி அறை வாடகைக்கு. வீட்டுக்காரர் தலையீடு இராது.’ படித்ததும் எனக்குப் புளி வாசனை அடித்தது.

நீங்கள் சிரிக்கலாம். தென்காசிக்கு ரயில் விட்ட புதிதில், திருநெல்வேலி டவுனில் நான் குடியிருந்த அறைக்கு அந்த வாசனைதான். எனக்குச் சர்க்கார் கச்சேரியில் குமாஸ்தா வேலை. வீட்டுக்காரர் ஒரு வக்கீலிடம் எழுதிக்கொண்டிருந்து ஓய்ந்தவர், அண்ணாச்சி என்பேன். அறையை எனக்கு விட்டவர், அதற்குள் இருந்த வருஷப் புளியையும் கருப்பட்டிப் பானைகளையும் விடவில்லை. அதைச் சாக்கிட்டு அவர் மனைவி, நான் மதினி என்று கூப்பிடுகிறவள், நாளைக்கு நாலு தரம் உள்ளே வருவாள். தன் வீட்டுக் கதவை யாராவது தட்டிவிட்டு நுழைவார்களா? நான் வேட்டி மாற்றிக்கொண்டிருந்தால், “நான் பாக்கல தம்பி, நீங்க பைய வேட்டியக் கட்டுங்க” என்று சொல்லிக்கொண்டே புளி எடுப்பாள்.

அதையாவது பொறுக்கலாம். ஸ்ரீவைகுண்டத்தில் என் அப்பா வீட்டில் இருந்த என் மனைவி வாரம் ஒரு கடிதம் போடுவாள். தபால்காரர் அதை அண்ணாச்சி கையில் கொடுப்பார். சாயங்காலம் நான் செருப்பைக் கழற்றுமுன் சாராம்சம் வந்துவிடும்.

“என்ன வே, சனிக்கிழமை எண்ணெ தேய்க்கலியாமே? உம்ம வீட்டுல வருத்தப்பட்டு எழுதிருக்கா.”

“அண்ணாச்சி, அது எனக்கு வந்த கடுதாசி.”

“எங்க வீட்டுக்குத்தான வே வந்திச்சு?”

முப்பது வருஷம் வக்கீலுக்கு எழுதிக்கொடுத்தவரோடு நான் வாதாடுவதா? மதினியோ, “கத்திரிக்கா ஒங்களுக்கு ஆகாதாமே” என்று விசாரித்துக்கொண்டே கத்திரிக்காயை இலையில் வைப்பாள். ஊருக்குப் போனபோது மனைவியிடமே சொல்லிக் குமுறினேன். அவள் கேட்டுக்கொண்டே என் வேட்டிகளை மடித்துவைத்தாள். கடிதங்கள் மட்டும் வந்தபடி இருந்தன. நானும் மேலோட்டமாகப் பார்ப்பதோடு சரி. கதையைத்தான் ஒருவர் சொல்லிவிட்டாரே.

ஒருநாள், அவள் என்னை நினைத்து அழுத வரியை அண்ணாச்சி பக்கத்து வீட்டுக்காரருக்கு வாசித்துக் காட்டுவதைக் கேட்டேன். அன்றே ஒரு திண்டுக்கல் பூட்டு வாங்கினேன். இனி என் அறைக்குள் யாரும் வரக் கூடாது, என் கடிதத்தை யாரும் தொடக் கூடாது என்று தெருவுக்கே கேட்கக் கத்தினேன். அண்ணாச்சி முகம் சுண்டிப்போயிற்று. “சரி வே, தொடல” என்றார். பானைகள் அன்றே அடுக்களைக்குப் போயின. சொன்ன சொல்லைக் காப்பாற்றினார், பாவி மனுஷர். தபால்காரர் அதன்பிறகு கடிதத்தை என் ஜன்னல் வழியாகப் போட்டுவிட்டுப் போனார்.

இரண்டு மாதம் நான் ராஜா. பூட்டுப் போட்ட சமாச்சாரத்தை மனைவிக்கு எழுதவில்லை. பதவி உயர்வுக்கான பரீட்சை நெருங்கிய சமயம் ஒரு கடிதம் வந்தது. எண்ணெய்க் குளியல் விவகாரம்தானே, பரீட்சை முடியட்டும் என்று பிரிக்காமல் தலையணைக்கடியில் செருகினேன். அடுத்த வாரக் கடிதம் வராததுகூட எனக்கு உறைக்கவில்லை. பன்னிரண்டாம் நாள் பிரித்தேன்.

ஆழ்வார்குறிச்சியில் அவள் அம்மாவுக்கு முடியவில்லையாம். மகளைப் பார்க்க வேண்டும் என்கிறாளாம். ‘உங்கள் சொல் இல்லாமல் மாமா என்னை அனுப்பமாட்டேன் என்கிறார்கள். அவர்களுக்கு ஒரு வரி எழுதுங்கள்.’ மருமகள் தாய்வீடு போக மகன் சொல்ல வேண்டும் என்பது எங்கள் வீட்டுச் சட்டம். ஒரு வரி. நான் பரீட்சையில் பதினாறு பக்கம் எழுதியிருந்தேன்.

வண்டி பிடித்து ஸ்ரீவைகுண்டம் போனால் வீட்டில் அப்பா மட்டும் இருந்தார். “முந்தாநாள் செய்தி வந்துது. அனுப்பிட்டேன்” என்றார். சாவுக்குப் போக மட்டும் என் சொல் வேண்டியிருக்கவில்லை. திரும்பி வந்து ரயிலேறி நான் ஆழ்வார்குறிச்சி சேர்ந்தபோது அங்கே முற்றத்தைக் கழுவிவிட்டிருந்தார்கள்.

அந்த டவுன் வீட்டை இடித்து ஜவுளிக் கிடங்கு கட்டியிருக்கிறார்கள். அண்ணாச்சியும் மதினியும் போய்ச் சேர்ந்து வெகுகாலம். என் மனைவி அதன்பிறகு யாருக்கும் கடிதம் எழுதியதில்லை. அவள் தம்பிக்குக்கூட நான்தான் எழுதுகிறேன்.

ஆழ்வார்குறிச்சியில் அன்று அவள் எதிரே உட்கார்ந்து, கடிதத்தைப் பிரிக்கவே இல்லை என்று ஒப்புக்கொண்டேன். அழுவாள், ஏசுவாள் என்று காத்திருந்தேன். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

“அண்ணாச்சி படிச்சு ஒங்ககிட்ட சொல்லிருவாருன்னு நம்பித்தான் எழுதுனேன்” என்றாள். “நீங்க படிப்பியன்னு நான் என்னைக்கி நெனச்சேன்?”